திரும்பி வராத தோழர்கள்

பாடசாலை விழா என்பது குழந்தைகளுக்கு ஆண்டில் ஒரு நாள் இன்பம். பெற்றோருக்கோ அது, தாம் பட்ட பாட்டின் பயனைக் கண்ணாரக் காணும் நாள். பட்டணத்துப் பெரிய கல்லூரியிலே பரிசளிப்பு விழா நடந்தால் ஊரார் சிலர் செல்வர். ஏனையோர் தத்தம் அலுவலைப் பார்த்திருப்பர். மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையில் அவ்வாறன்று. சிங்கள மொழியில் ‘ஒன்பது சிகரம்’ எனப் பொருள்படும் பெயரைத் தாங்கி, இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலைத்தொடரின் சரிவுகளிலே, தேயிலைப் பசுமைக்கு நடுவே, சிறு சிறு பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் வாணி விழாவோ ஒளி விழாவோ நடைபெறுகிறதென்றால், அன்றைக்கு அந்தத் தோட்டமே அங்கே கூடிவிடும். தாய்மார் அரைப் பேரோடு மலையிலிருந்து இறங்கி, கொழுந்துக் கூடையை லயத்து வாசலில் வைத்துவிட்டு, முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு விரைந்து வருவர். பாட்டன்மார் முன்வரிசையில் இடம் பிடிப்பர். பாலர் வகுப்புப் பிள்ளை ஒன்று பட்டாம்பூச்சி வேடத்தில் மேடைக்கு வந்து, வாய்ப்பாடத்தை மறந்து, கூட்டத்தில் தாயைத் தேடும்போது மண்டபம் முழுவதும் சிரிப்பொலி எழும். அந்தச் சிரிப்பிலே ஏளனம் இல்லை. தம் குலத்துப் பிள்ளை மேடையேறியதென்ற பெருமிதமே உண்டு.

இத்தகைய மகிழ்ச்சி நாளொன்றில் மரணம் வந்து புகுந்தால் என்னாகும்? இந்தக் கேள்வியை எழுப்புவதற்கே உள்ளம் அஞ்சுகிறது. ஆயினும் உலகிலே அது நிகழ்ந்திருக்கின்றது; ஒரு முறையன்று, பல முறை. அந்நிகழ்ச்சிகளில் உயிர் நீத்த குழந்தைகளை நினைவுகூர்வதும், அவர்களோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்துப் பின் தனித்து நின்ற தோழர்களை எண்ணிப் பார்ப்பதும், அவற்றிலிருந்து ஆசிரியரும் பெற்றோரும் கற்க வேண்டியவை எவை என ஆராய்வதுமே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

இந்தியாவின் வடபகுதியில், ஹரியானா மாநிலத்துச் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டி மண்டி டப்வாலி என்றொரு சிறு நகரம் இருக்கிறது. தானியமும் பருத்தியும் விளையும் பூமி. வயலும் வாணிகமுமாக வாழும் மக்கள். அங்குள்ள டி. ஏ. வி. பாடசாலை 1995ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 23ஆம் தேதி தனது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. விழா நடைபெற்ற இடம் திருமணங்களுக்கு வாடகைக்கு விடப்படும் ஒரு மண்டபத்தின் வளாகம். மார்கழிக் குளிர், வட இந்தியாவின் குளிர் நம்முடைய நுவரெலியாக் குளிரை நாணச் செய்வது. வளாகத்தின் மேலே துணியாலும் செயற்கை இழையாலும் ஆன பந்தல் விரித்திருந்தார்கள். மேடையிலே குழந்தைகளின் ஆடல் பாடல். கீழே தாய்மாரும் கைக்குழந்தைகளும் நெருங்கி அமர்ந்திருந்தனர். பரிசு வாங்க வேண்டிய பிள்ளைகள் தமது பெயர் எப்போது அழைக்கப்படும் என்று காத்திருந்தனர்.

நண்பகலுக்குப் பின் வாயிலுக்கு அண்மையிலே மின்னொழுக்கினால் ஒரு தீப்பொறி பிறந்தது. அது பந்தல் துணியைப் பற்றிக்கொண்டது. மரம் எரிவதற்கு நேரம் எடுக்கும். ஓலை கூடச் சிறிது அவகாசம் தரும். செயற்கை இழைத் துணியோ அப்படியன்று. எரியும்போதே உருகித் துளித்துளியாகச் சொட்டும் இயல்பு அதற்குண்டு. அன்றும் மேலே பரவிய தீ, நெருப்பு மழையாகக் கீழே அமர்ந்திருந்தோர்மீது பொழிந்தது. மக்கள் எழுந்து ஓடினர். எங்கே ஓடுவது? வெளியேறுவதற்குப் பயன்பட்ட வழி ஒன்றே. அந்த வழியின் பக்கத்திலேயே தீயும் தோன்றியிருந்தது. சில நிமிட நேரந்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 440க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் இருநூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். எஞ்சியோரிற் பெரும்பாலோர் அவர்களைப் பார்த்து மகிழ வந்த அன்னையர். காயமுற்று உயிர் தப்பியோர் நூற்றைம்பதுக்கு மேல். சிறு நகரமொன்றில் இத்தனை பேர் ஒரே நாளில் மாண்டால், துக்கம் கேட்க ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் செல்வதற்கே ஆளில்லாது போகும் அன்றோ?

துயரம் அன்றோடு முடியவில்லை. தீக்காயத்தோடு மீண்ட பிள்ளைகள் பலர் ஆண்டுக்கணக்காகச் சிகிச்சை பெற்றனர். கைவிரல் ஒட்டிப்போன பிள்ளைக்குப் பேனா பிடிப்பதே பெரும் பாடு. முகம் வெந்த பெண்பிள்ளைக்கு வீதியில் இறங்குவதே ஒரு போராட்டம். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சங்கமாகக் கூடி நீதிமன்றத்தை நாடின. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில், அதாவது நிகழ்ச்சி நடந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே, இழப்பீட்டைப் பற்றிய தன் தீர்ப்பை வழங்கியது. பாடசாலை நிர்வாகமும் அரசுத் துறைகளும் பொறுப்பைப் பகிர்ந்து ஏற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தீ விபத்தில் முதலாம் வகுப்பில் இருந்து தப்பிய ஒரு குழந்தை அப்போது இருபது வயது இளைஞனாகியிருப்பான் என்பதைச் சிந்தித்துப் பார்த்தால், நீதியின் நடை எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

டப்வாலி மக்கள் அழுது ஓய்ந்துவிடவில்லை. விபத்து நடந்த இடத்திலே நினைவாலயம் ஒன்று எழுந்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 23ஆம் நாள் அங்கே மக்கள் கூடிப் பிரார்த்தனை செய்கிறார்கள். அங்கே வந்து நிற்போருள் ஒரு சாராரை மட்டும் சற்று உற்று நோக்க வேண்டும். அவர்கள் பெற்றோரல்லர், உறவினருமல்லர். இறந்தோருடன் ஒரே வகுப்பிலே படித்தவர்கள். இன்றைக்கு அவர்கள் முப்பது, நாற்பது வயதைத் தாண்டியவர்கள். தாமே பிள்ளைகளைப் பெற்றவர்கள். அவர்களுடைய நினைவிலே உள்ள தோழனோ இன்னும் பத்து வயதுச் சிறுவனாகவே இருக்கிறான். தோழனின் வயது கூடுவதேயில்லை. இதுவே பள்ளித் தோழரை இழந்தோரின் தனித் துயரம்.

பெற்றோரை இழந்தவனுக்கு உலகம் ஆறுதல் சொல்கிறது. பிள்ளையை இழந்த தாயின் முன் ஊரே வந்து அமர்கிறது. தோழனை இழந்த சிறுவனிடம் யார் வந்து விசாரிக்கிறார்கள்? ‘நீ தப்பினாய் அல்லவா, அது கடவுள் புண்ணியம்’ என்று கூறி அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சொல்லே சில பிள்ளைகளின் உள்ளத்தில் முள்ளாகத் தைத்துவிடுகிறது. ‘நான் தப்பினேன், அவன் ஏன் தப்பவில்லை? அவன் கையை நான் விட்டுவிட்டேனா?’ என்று அந்தப் பிஞ்சு மனம் தன்னைத்தானே விசாரணை செய்கிறது. பெரியவர்கள் கட்டிய பந்தலுக்கும், பெரியவர்கள் திறவாத கதவுக்கும் சிறுபிள்ளை பொறுப்பாளியாகாது. இதை அப்பிள்ளைக்கு ஒரு முறையன்று, பல முறை, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் யார்? பெரும்பாலும் ஆசிரியரே.

நேயர்களே, டப்வாலி நிகழ்ச்சியை எங்கோ ஒரு மூலையில், எப்போதோ ஒரு முறை நேர்ந்த விதியின் கொடுமை என்று தள்ளிவிட முடியுமா? வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

1883ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் தேதி. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரத்திலே விக்டோரியா மண்டபத்தில் சிறுவர்களுக்கென ஒரு வேடிக்கைக் காட்சி. முடிவிலே மேடையிலிருந்து பரிசுப் பொருள்கள் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். மேல் மாடத்தில் இருந்த குழந்தைகள், தமக்குக் கிட்டாமற் போய்விடுமே என்று படிக்கட்டு வழியாகக் கீழே பாய்ந்தனர். படிக்கட்டின் அடியிலே ஒரு கதவு. அது உட்பக்கமாகத் திறப்பது. ஒரு பிள்ளை மட்டும் நுழையக்கூடிய இடைவெளி விட்டு அதைத் தாழிட்டிருந்தார்கள். முன்னே வந்தவர்கள் அங்கே சிக்கினர். பின்னே வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. தீ இல்லை, புகை இல்லை, கட்டடம் இடியவில்லை. எனினும் 183 குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தனர். ஒரு பொம்மைக்காக ஓடிய ஓட்டம் அது.

1923ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், காம்டன் என்னும் ஊருக்கு அண்மையில் உள்ள கிளீவ்லாந்துப் பாடசாலையிலே ஆண்டிறுதி நாடகம். மண்டபம் மேல் மாடியில்; இறங்குவதற்கு ஒடுங்கிய படிக்கட்டு. கூரையிலிருந்து தொங்கிய எண்ணெய் விளக்கொன்று அறுந்து விழுந்தது. 77 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு, 1924 டிசம்பர் 24, நத்தார் முன்னிரவு. ஒக்லகோமா மாநிலத்தில் பாப்ஸ் சுவிச் என்ற சிற்றூரின் ஓரறைப் பாடசாலையில் நத்தார் விழா. மரத்தில் ஏற்றிய மெழுகுவர்த்தியிலிருந்து தீப் பற்றியது. கதவு உட்பக்கமாகத் திறப்பது. கூட்டம் நெருக்கியதால் அதைத் திறக்க முடியவில்லை. ஜன்னல்களிலோ கள்வரும் குறும்பரும் புகாதபடி கம்பிவலை அடித்திருந்தார்கள். 36 பேர் மாண்டனர். களவு போகாமற் காத்த வலை, குழந்தைகள் வெளியேறாமலும் காத்துவிட்டது.

இந்த மூன்று நிகழ்ச்சிகளையும் டப்வாலியோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். நாடு வேறு, காலம் வேறு, மொழி வேறு. ஓரிடத்தில் எண்ணெய் விளக்கு, ஓரிடத்தில் மெழுகுவர்த்தி, ஓரிடத்தில் மின்சாரம்; மற்றோரிடத்தில் நெருப்பே இல்லை. எல்லா இடத்திலும் பொதுவாக இருந்தது, வெளியேற வழி போதாமை ஒன்றே. தீப்பொறி எங்கும் எப்போதும் தோன்றலாம். அதை முற்றாகத் தடுத்துவிட மனிதனால் இயலாது. கதவைத் திறந்து வைப்பது மனிதனால் இயலும்.

சண்டர்லாந்துப் பெரியோர் தம் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் சிந்தினர், சிலையும் எழுப்பினர். இறந்த குழந்தையை மடியில் ஏந்திய தாயின் அந்தச் சிலை இன்றும் அந்நகரப் பூங்காவில் இருக்கிறது. அதனோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பொதுமண்டபங்களின் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்ற கொள்கை அந்நாட்டிலே வலுப்பெற்றது. உள்ளிருந்து கூட்டம் தள்ளினாலே தானாகத் திறந்துகொள்ளும் தாழ்ப்பாள் ஒன்றைச் சில ஆண்டுகளில் ஒருவர் கண்டுபிடித்து, 1892இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். இன்று உலகெங்கும் திரையரங்குகளிலும் வைத்தியசாலைகளிலும் காணப்படும் அத்தகைய தாழ்ப்பாளுக்குப் பின்னால், பெயர் அறியாத 183 குழந்தைகள் நிற்கிறார்கள். நினைவுச் சின்னங்களிலே இதைவிடச் சிறந்தது எது?

தமிழ் மண்ணுக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16ஆம் தேதி, ஆடி வெள்ளிக்கிழமை. காவிரிக் கரையிலே கோயில்கள் நிறைந்த கும்பகோணம் நகரத்தில், காசிராமன் தெருவிலுள்ள ஸ்ரீ கிருஷ்ணா பாடசாலையில் அன்று விழா எதுவும் இல்லை. வழக்கமான படிப்பு நாளே. மதிய உணவு சமைத்த அடுப்பிலிருந்து எழுந்த தீ, கீற்றுக் கூரையைப் பற்றியது. ஒடுங்கிய படிக்கட்டு, காற்றும் வெளிச்சமும் போதாத வகுப்பறைகள், ஒரே கட்டடத்துக்குள் அளவுக்கு மிஞ்சிய பிள்ளைகள். எரியும் கூரை சரிந்து விழ, 94 குழந்தைகள் கருகி மாண்டனர். பெரும்பாலோர் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள். தமிழ் பேசும் உலகமே அன்று அழுதது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பாடசாலைகளில் கீற்றுக் கூரை கூடாதென்று தமிழ்நாட்டு அரசு விதித்தது. ஆயிரக்கணக்கான பாடசாலைகளின் கூரைகள் பிரிக்கப்பட்டன. குற்றவியல் வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014ஆம் ஆண்டிலே. பத்தாண்டுகள் கழிந்த பின்.

கும்பகோணத்திலும் நினைவு மண்டபம் எழுந்தது. ஜூலை 16ஆம் நாள் வந்தால் பெற்றோர் அங்கே பிள்ளைகளின் படங்களுக்கு மாலையிட்டு, அவர்களுக்குப் பிடித்த தின்பண்டங்களைப் படைத்து, விளக்கேற்றுகிறார்கள். கல்வியைத் தேடிச் சென்ற பிள்ளை கல்விக்கூடத்திலேயே இறந்துபட்டதை எண்ணி, அந்த அன்னையர் ஆண்டுக்கொரு முறை அழுவதற்கு அந்த மண்டபம் ஓரிடம் தந்திருக்கிறது. அழுவதற்கு இடம் வேண்டாமா? வேண்டும். இடமில்லாத துக்கம் வீட்டுக்குள்ளே புழுங்கி மனிதரை அழித்துவிடும்.

நமது ஊவா மலைநாட்டுக்கும் இத்துயர் புதிதன்று. தீ தரவில்லை; மலை தந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் தேதி காலையில், பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லைப் பிரிவிலே, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின்மீது மலை சரிந்தது. தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. லயங்கள் வரிசையோடு மண்ணுக்குள் மறைந்தன. அந்நேரத்துக்குமுன் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் பிழைத்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. சிலர் பெற்றோரை இழந்தனர். சிலர் தங்கையை, தம்பியை, அடுத்த காம்பிராத் தோழனை இழந்தனர். அந்த இடம் ஆபத்தானதென்று நிபுணர்கள் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் அலுவலகத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். டப்வாலியின் அடைத்த வாயிலுக்கும், மீரியபெத்தையின் படிக்கப்படாத கடிதத்துக்கும் என்ன வேறுபாடு?

அந்நாட்களிலே அயற் பாடசாலைகள் இடம்பெயர்ந்தோருக்குத் தஞ்சம் தந்தன. வகுப்பறைகளில் பாய் விரித்துக் குடும்பங்கள் உறங்கின. பின்னர் மெல்ல மெல்லப் பாடங்கள் தொடங்கின. இத்தகைய வேளையில் ஆசிரியர் ஒருவருக்கு நேரும் சோதனை வெளியுலகத்துக்குத் தெரியாது. காலையிலே வரவு இடாப்பைத் திறக்கிறார். பெயர்களை வாசிக்கத் தொடங்குகிறார். இறந்துபோன பிள்ளையின் பெயர் அடுத்த வரியில் இருக்கிறது. அதை வாசிப்பதா? விட்டுவிடுவதா? வாசித்தால் ‘உள்ளேன் ஐயா’ என்ற குரல் வராது. வாசியாமல் தாண்டினால், வகுப்பிலுள்ள முப்பது பிள்ளைகளும் அந்தத் தாண்டுதலைக் கேட்பார்கள். சொல்லப்படாத பெயர் சொல்லப்பட்ட பெயரைவிட உரத்து ஒலிக்கும்.

இதற்கு விதிநூலில் விடை இல்லை. ஆயினும் அனுபவமுள்ள ஆசிரியர்கள் கடைப்பிடிக்கும் முறையொன்று உண்டு. முதல் நாளில் அந்தப் பெயரை மறைக்காமல் எடுத்துச் சொல்லி, அப்பிள்ளை இனி வரமாட்டாள் என்பதைத் தெளிவான சொற்களில் கூறி, அனைவரும் எழுந்து சிறிது நேரம் மௌனமாக நிற்கச் செய்வர். ‘தூங்குகிறாள்’, ‘தூர தேசம் போயிருக்கிறாள்’ என்று கூறமாட்டார்கள். அதைக் கேட்ட சிறு குழந்தை தான் தூங்குவதற்கே அஞ்சத் தொடங்கும். பிறகு பிள்ளைகளைப் பேச விடுவர். அவளுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், அவள் எப்படிச் சிரிப்பாள், கல்லாங்காய் விளையாட்டிலே எப்படிக் கள்ளம் செய்வாள் என்று ஒவ்வொருவரும் சொல்வர். அழுகையும் வரும், இடையிலே சிரிப்பும் வரும். சிரித்ததற்காக யாரையும் கடியலாகாது. இறந்தவளின் வாழ்வைப் பற்றி நூறு செய்திகள் இருக்க, அவள் இறந்த விதத்தை மட்டுமே நினைவில் வைத்திருப்பது அவளுக்குச் செய்யும் நீதியாகாது.

அவள் அமர்ந்திருந்த வாங்கை என்ன செய்வது என்பதும் ஒரு கேள்வி. இரவோடிரவாக அகற்றிவிடுவது நல்லதன்று. என்றென்றும் வெறுமையாக வைத்திருப்பதும் நல்லதன்று. பிள்ளைகளிடமே கேட்டால் அவர்கள் பெரியோரைவிட நல்ல விடை கூறுவர். சில நாட்களுக்குப் பூ வைப்போம், பின்னர் புதிதாக வரும் பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடுப்போம் என்பார்கள். துக்கத்தை ஒப்புரவாக மாற்றும் ஆற்றல் குழந்தைகளுக்கு இயல்பாகவே இருக்கிறது. அதற்குக் குறுக்கே பெரியோர் நில்லாதிருந்தாற் போதும்.

இனி, இத்தகைய துயரம் நேர்ந்த பாடசாலைகளில் மீண்டும் விழா நடத்தலாமா என்று கேட்போர் உண்டு. ‘விழாவினால் வந்த வினை, இனி விழாவே வேண்டாம்’ என்று பெற்றோர் சொல்வது இயல்பே. அவர்களுடைய புண்ணை மதிக்க வேண்டும். காலம் கொடுக்கவும் வேண்டும். ஆயினும் விழாவையே துறந்துவிடுவது தீர்வாகாது. தோட்டத்துப் பிள்ளைக்கு மேடை கிடைப்பது ஆண்டில் ஒரு நாள். கொழுந்து மடுவத்திலும் பெரட்டுக்களத்திலும் தலைகுனிந்து நின்ற பரம்பரையின் பிள்ளை, நூறு பேர் முன்னிலையில் தலைநிமிர்ந்து பேசப் பழகும் நாள் அது. அதை அவளிடமிருந்து பறிக்கலாகாது. கொல்லுவது விழாவன்று, கவலையீனமே.

அக் கவலையீனத்தைக் களைவதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. மலைநாட்டுப் பாடசாலைகளின் மண்டபங்கள் பலவும் பழைய காலத்து நீண்ட அறைகளே. தோட்டத் துரைமார் காலத்தில் ஓராசிரியர் பாடசாலையாக இருந்து, 1970களின் பின்னே அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றவை பல. வகுப்புகளுக்கு இடையே பலகைத் தடுப்பு, மேலே தகரக் கூரை, ஒரு பக்கத்திலே மட்டும் வாசல். விழா நாளிலே அந்தத் தடுப்புகளை அகற்றி மண்டபமாக்குவர். காகிதத் தோரணம் கட்டுவர். வண்ணத் துணி தொங்கவிடுவர். மின்குமிழ்களைச் சரம் சரமாகக் கோப்பர். ஒலிபெருக்கிக்கும் மின்பிறப்பாக்கிக்கும் கம்பி இழுப்பர். ஒளி விழாவாயின் ஐம்பது பிள்ளைகளின் கையில் ஐம்பது மெழுகுவர்த்தி. எல்லாம் அழகே. அந்த அழகின் நடுவே ஒருவர், ஒரேயொருவர், ‘இங்கிருந்து எல்லோரும் ஒரு நிமிடத்தில் வெளியேற முடியுமா?’ என்று கேட்க வேண்டும்.

அவர் பார்க்க வேண்டியவை சிலவே. கதவு எத்தனை, அவை எப்பக்கம் திறக்கின்றன, யாரிடம் சாவி இருக்கிறது? பின்வாசலில் வாங்குகளை அடுக்கி அடைத்திருக்கிறார்களா? நடுவே நடைபாதை விடப்பட்டிருக்கிறதா, அல்லது பிந்தி வந்தோருக்கு அங்கேயும் பாய் விரித்துவிட்டார்களா? தோரணமும் துணியும் மின்குமிழைத் தொடுகின்றனவா? மின்பிறப்பாக்கி வாசலுக்கு அண்மையில் வைக்கப்பட்டிருக்கிறதா? அவ்வாறாயின் அதைத் தூர விலக்க வேண்டும். ஏனெனில் தீ தோன்றக்கூடிய இடமும் மக்கள் ஓடக்கூடிய வழியும் ஒன்றாயிருத்தல் ஆகாது. வாசல்தோறும் பொறுப்புள்ள ஒருவர் விழா முடியும்வரை நிற்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏந்தும் பிள்ளைகள் நைலோன் உடை அணியலாகாது. பக்கத்திலே மணலும் நீரும் இருக்க வேண்டும். மண்டபம் கொள்ளாத கூட்டம் வந்தால், மனங்கோணாமல் விழாவை மைதானத்துக்கு மாற்ற வேண்டும். பிரதம விருந்தினர் வெயிலில் அமர நேர்ந்தாற் குற்றமில்லை.

இவற்றை மாணவரிடமும் ஒப்படைக்கலாம். விழாக் குழுவிலே அலங்காரத்துக்கு நால்வர், வரவேற்புக்கு நால்வர் எனப் பிரிப்பதைப் போல, வாசல் காப்பதற்கும் நால்வரை நியமிக்கலாம். டப்வாலி என்ற ஊரிலே என்ன நடந்தது, கும்பகோணத்திலே என்ன நடந்தது என்று அவர்களுக்கு அச்சமூட்டாத முறையிலே எடுத்துச் சொல்ல வேண்டும். தம் வயதொத்த பிள்ளைகளின் கதையைக் கேட்ட மாணவர், அந்த வாசலை வேலையாகக் கருதமாட்டார்கள், கடமையாகக் கருதுவார்கள். கண்ணாற் காணாத அந்தத் தோழர்களை அவர்கள் நினைவுகூரும் முறையும் அதுவேயாகும்.

நினைவு என்பதற்குத் தமிழர் வாழ்விலே நெடிய மரபு உண்டு. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டு, பெயர் பொறித்து, பூச்சூட்டி வழிபட்டனர் பழந்தமிழர். வீழ்ந்தவன் காத்த நிரையைத் தொடர்ந்து காப்பதாக அக்கல்லின் முன் நின்றவர்களும் உறுதி கொண்டிருப்பர். பாடசாலை விழாவிலே வீழ்ந்த குழந்தைகள் எதையும் காப்பதற்காக வீழ்ந்தவரல்லர். அவர்களைக் காத்திருக்க வேண்டியவர்கள் பெரியோர். எனவே அவர்களுக்கு நடும் கல் வெறும் புகழ்க் கல்லாக இருக்க முடியாது. பெரியோரின் கடனை எழுதி வைத்த கல்லாகவே இருக்க வேண்டும். பூவும் விளக்கும் அந்தக் கடனுக்கு வட்டி. முதலைக் கட்டுவதற்கு ஒரே வழி, அடுத்த விழாவிலே ஒரு பிள்ளையும் குறையாமல் வீடு திரும்பச் செய்வது.

நேயர்களே! நமுனுகுலச் சாரலிலும், பசறையிலும், லுணுகலையிலும், மடுல்சீமையிலும், இந்நாட்டின் ஏனைய பாகங்களிலும் பாடசாலைகள் விழாவுக்கு ஆயத்தமாகும்போதெல்லாம், மேடையின் திரையைப் பார்ப்பதற்குமுன் மண்டபத்தின் கதவை ஒரு முறை திறந்து பாருங்கள். அது எளிதாகத் திறக்கிறதா என்று உங்கள் கையாலேயே தள்ளிப் பாருங்கள். பிறகு விழாவைத் தொடங்குங்கள்.